ராமேஸ்வரத்தில் இருவருக்கு ஒரு நாள்: காற்றையும் படகையும் பார்த்துத் திட்டம் போடும் விதம்

ராமேஸ்வரத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு பதினைந்து இருபது இடங்களின் பெயரை மூச்சுவிடாமல் சொல்வார்கள். அத்தனையையும் பார்க்கலாம்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம், செருப்பைக் கழற்றி மாட்டவே பாதி நேரம். ராத்திரி அறைக்குத் திரும்பும்போது எதைப் பார்த்தோம் என்பதே கலங்கிப்போயிருக்கும். கணவனும் மனைவியுமாக ஒரே ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு நான்கு விஷயம் போதும்: விடியலில் தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனை, மத்தியானம் நல்ல மீன் சாப்பாடு, பிற்பகலில் கோயில் பிரகாரம், அந்தி சாய்கையில் பாம்பன் பாலம். எதை எப்போது செய்வது என்பதுதான் சூட்சுமம். அதைக் காற்றும் படகும்தான் தீர்மானிக்கும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மழை விட்டிருக்கும், வாடைக் காற்று தணிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்று. அப்போது தனுஷ்கோடிச் சாலையில் மணல் குறுக்கே ஓடும், கண்ணைத் திறக்க முடியாது. அந்த மாதங்களில் வந்தே ஆக வேண்டும் என்றால் இருவரும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வாயையும் மூக்கையும் சுற்றிக் கட்ட ஆளுக்கொரு துண்டு வையுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் தனுஷ்கோடிப் பாதையை அடைத்துவிடுவார்கள், பயணத்தின் பாதி போய்விடும்.

கிழமையைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கிளம்பி மறுநாள் காலை கரைக்கு வரும். ஆக, செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில்தான் துறைமுகத்தில் மீன் குவியும். ஞாயிறன்று கோயில் கூட்டம் தாங்காது என்பதால் செவ்வாயோ வியாழனோ வருவது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான், வரத்துக் குறைவு, விலை கூடுதல். மீனவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தாலும் இதே கதைதான். அறை எடுக்கும்போதே விடுதிக்காரரிடம் “படகு போயிருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் மட்டும் சுற்றிப் பார்க்க வராதீர்கள். அன்று ஊர் பித்ருகாரியம் செய்ய வந்தவர்களுக்கானது.

விடியலில் அரிச்சல்முனை

கோயிலிலிருந்து அரிச்சல்முனைக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வண்டியில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சூரிய உதயம் மே கடைசியில் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னே, ஜனவரியில் ஆறரைக்கு மேல். விடியலில் வழியில் வண்டிகளை விடும் நேரம் அவ்வப்போது மாறும், முந்தின ராத்திரியே கேட்டு வைப்பது அவசியம். சாயங்காலம் ஐந்தை ஒட்டி உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். அங்கே ராத் தங்க அனுமதி கிடையாது.

அரசுப் பேருந்து உண்டு, ஆனால் விடியலுக்கு அதை நம்ப முடியாது. ஆட்டோவோ காரோ பேசும்போது “அரிச்சல்முனை போய், திரும்பும்போது பழைய தனுஷ்கோடியில ஒரு மணி நேரம் நிக்கணும், கோதண்டராமர் கோயில்ல கால் மணி” என்று நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். வெறும் “தனுஷ்கோடி” என்று பேசினால் அங்கே போனதும் “ஏறுங்க சார், ஏறுங்க” என்று அவசரப்படுத்துவார்கள். சண்டையெல்லாம் அங்கேதான் வரும். இரு சக்கர வண்டி வாடகைக்கு எடுத்தால் பெட்ரோலை ஊருக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள். சாலையில் மணல் படிந்த இடத்தில் பிரேக்கைப் பிடித்தால் வண்டி சறுக்கும். தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்து, நேராகப் பிடித்துக் கடக்க வேண்டும். பக்கக் காற்று அடிக்கும்போது பின்னால் இருப்பவர் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் பத்திரம். புடவை முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், காற்று அதைச் சக்கரத்துக்குள் கொண்டுபோகும்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், வார் வைத்த செருப்பு, கயிறு கட்டிய தொப்பி போதும். குடை வேண்டாம், முதல் காற்றிலேயே மடங்கிவிடும். கழிப்பிட வசதி குறைவு, அறையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

போகும்போது இடது கைப் பக்கம் பாக் நீரிணை, வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் இடப்பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்றும் வலப்பக்கத்ததை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று குளம்போல் கிடக்கும், மற்றது சீறிக்கொண்டிருக்கும். வாடைக் காலத்தில் இந்தக் குணம் மாறிப்போகும், பெண்கடல்தான் கொந்தளிக்கும். முனையில் இரண்டும் சேரும் இடத்தில் நின்றால் அலைகள் இரு பக்கத்திலிருந்தும் சாய்வாக வந்து மோதிக்கொள்வது தெரியும். இலங்கையின் தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். அங்கே குளிக்க இறங்காதீர்கள். கரையோரம் ஆழமில்லாததுபோலத் தெரியும், ஆனால் இரண்டு நீரோட்டமும் காலடி மணலை அரித்துக்கொண்டே இருக்கும். முழங்கால் தண்ணீரில் நிற்பவரைக்கூட இழுத்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும்.

திரும்பும்போது பழைய தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் இந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போனது. அதற்கு முன் இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனது, சென்னையில் ரயில் ஏறியவர் கொழும்புவரை ஒரே பயணமாகப் போனார். தேவாலயத்தின் சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இன்னும் நிற்கின்றன. சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பவளப்பாறைக் கல்லை வெட்டிக் கட்டியது அது. கல்லுக்குள் தேன்கூடுபோல நுண்ணிய துளைகள் வரிசையாக இருக்கும், விரலை வைத்தால் சுண்ணாம்பு உதிரும். அதனால்தான் மேலே ஏறிப் படம் எடுக்கக் கூடாது. ஆள் விழுவதோடு சுவரும் போய்விடும். இன்னொன்று, இது ஜனங்கள் செத்த இடம். சத்தமில்லாமல் பார்க்க வேண்டும்.

குடிசைகளுக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டி வைத்த சின்னக் குழிகள் இருக்கும். அது ஊற்று. கடலுக்குப் பத்தடி தள்ளி நல்ல தண்ணீர் சுரக்கும், குடியிருப்பவர்கள் அகப்பையால் மொண்டு குடம் நிரப்புவார்கள். அவர்கள் குடிக்கிற தண்ணீர், காலை நனைக்கவோ கை கழுவவோ கூடாது. கரைவலை இழுக்கும் நேரமாக இருந்தால் கயிற்றை மிதிக்காமல் ஒதுங்கி நின்று பாருங்கள். வலையின் பையான மடி கரைக்கு வரும்போது சூடையும் காரலும் நெத்திலியும் வெள்ளிக்காசு கொட்டியதுபோலத் துள்ளும். அதைப் பார்க்க அரை மணி காத்திருந்தாலும் தகும்.

கடைகளில் சங்கு, சிப்பி மாலை வாங்கலாம். பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பையில் இருந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஒன்பது மணிக்குள் முனையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். அதற்கு மேல் மணலில் வெறுங்காலை வைக்க முடியாது.

காலைப் பலகாரம், பிறகு மீன்

கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் பெரும்பாலும் சைவ உணவகங்கள்தான். இட்லி, பொங்கல், வடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அரை வயிறு போதும். மத்தியானம் சாப்பிட இடம் வேண்டும்.

பத்து மணிக்குத் துறைமுகப் பக்கமோ மீன் மார்க்கெட்டோ ஒரு நடை. சமைக்க வாங்காவிட்டாலும் பார்த்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு எது வந்திருக்கிறது என்று தெரிந்தால் சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்பது என்று தெரியும். விளைமீன், பாறை, ஊளி, நகரை, கணவாய், இறால், நீலக்கால் நண்டு ஆகியவை இந்தக் கடலின் சொத்து. “வஞ்சிரம் இருக்கா” என்று மட்டும் கேட்பவருக்கு அதையேதான் தருவார்கள், பழையதாக இருந்தாலும். அந்தப் பெயர்தான் வெளியூர்க்காரருக்குத் தெரியும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். விளைமீனைக் கேளுங்கள். முள் குறைவு, சதை வெள்ளையாக இதழ் இதழாகப் பிரியும். குழம்புக்கும் சரி, பொரிப்பதற்கும் சரி.

நல்ல மீனின் கண் புடைத்துக்கொண்டு தெளிவாக இருக்கும், செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்திய பள்ளம் உடனே எழும்பிவிடும். கணவாயின் தோலில் பழுப்புப் புள்ளிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். வெளிறிப்போய் இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் பழசு. இறாலுக்குத் தலை கெட்டியாக ஒட்டியிருக்க வேண்டும், தலைக்குள் கறுப்பு ஏறியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

நண்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நீல நிறம் ஓடியது ஆண், கொடுக்கு நீளம், சதை அதிகம். பழுப்பாக, அடிவயிற்று மடல் அகலமாக இருப்பது பெண். கையில் எடுத்தால் பார்வைக்குத் தெரிவதைவிட எடை கூடுதலாகக் கனக்க வேண்டும். அடிப்பக்கத்து ஓட்டைக் கட்டைவிரலால் அமுக்குங்கள், அசையாமல் இருந்தால் சதை நிறைந்தது. அமுங்கினால் அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான். சமைத்தால் காலை உடைக்கும்போது ஒன்றுமே இருக்காது. வயிற்றுக்கு வெளியே முட்டைக் கொத்தைச் சுமந்திருக்கும் நண்டை வாங்காமல் விடுங்கள். அடுத்த வருஷத்து நண்டு அதில்தான் இருக்கிறது.

இடையில் நேரம் இருந்தால் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் போகலாம், 2017 ஜூலை 27 அன்று திறந்தது. பள்ளிவாசல் தெருவில் அவருடைய வீட்டைப் பார்ப்பது மனசுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். இரண்டில் ஒன்று போதும்.

மத்தியானச் சாப்பாடு

பன்னிரண்டரைக்கு உட்காருங்கள். ஒன்றரைக்கு மேல் போனால் குழம்பு மட்டும்தான் இருக்கும், துண்டம் தீர்ந்திருக்கும். அசைவக் கடைகள் ரத வீதிகளை விட்டு விலகி, பேருந்து நிலையப் பக்கமும் தங்கச்சிமடம், பாம்பன் வழியிலும் கிடைக்கும். வாசலில் பலகை பெரிதாக இருக்கும் கடையைவிட, மீன் வியாபாரிகளும் லாரிக்காரர்களும் சாப்பிடும் கடைக்குப் போங்கள்.

இருவருக்கு இரண்டு சாப்பாடு, ஒரு விளைமீன் பொரியல், ஒரு கணவாய் வறுவல் போதுமானது. நண்டு வேண்டும் என்றால் அரைக் கிலோ, நடுத்தர அளவில் மூன்றோ நான்கோ நிற்கும். அப்போது கணவாயை விட்டுவிடுங்கள். மூன்றையும் வாங்கினால் மிஞ்சும், மிஞ்சிய கடல் உணவை இந்த வெயிலில் மத்தியானத்துக்கு மேல் வைத்துச் சாப்பிடக் கூடாது.

கடைக்குள் நுழைந்ததும் இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, இன்னைக்கு வந்த மீனா, ஐஸ் மீனா?” இந்தக் கேள்வியை இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்து, “மசாலா தடவுறதுக்கு முன்னாடி துண்டத்தைக் காட்டுங்கண்ணே.” செக்கச் சிவந்த பொடியில் ஊறிக் கிடக்கும் மீனில் நாற்றமும் நிறமும் தெரியாது. கெட்டுப்போகத் தொடங்கிய மீனை மறைக்க இருக்கும் ஒரே வழி அந்தப் பொடிதான். தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளிலும் இதே விதி. கல்லில் போட்ட மீன் அடிக்கடி புரட்டாமல் ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகு திரும்ப வேண்டும். அவசரப்படுத்தினால் நடுமுள்ளை ஒட்டி ரத்தம் நிற்கும்.

குழம்பைத் தொட்டதும் புளி முன்னால் வந்து, உறைப்பு பின்னால் மெல்ல ஏற வேண்டும். அந்த உறைப்பு ராமநாதபுரம் முண்டு மிளகாயுடையது. உருண்டையாக, தோல் தடித்து இருக்கும் இந்த மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலை மாவு கரைத்து விட்டதுபோலக் குழம்பு கெட்டியாக இருந்தால் அது வேறு ஊர்ப் பக்குவம்.

சாப்பிட்டதும் அறைக்குப் போய்ப் படுங்கள். ஒன்றரையிலிருந்து மூன்று வரை வெளியே அலைவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. கோயில் நடையும் ஒரு மணிக்குச் சாத்தி மூன்று மணிக்குத்தான் திறக்கும்.

பிரகாரமும் தீர்த்தமும்

மூன்று மணிக்கு நடை திறந்ததும் உள்ளே போவதுதான் நல்ல நேரம். வெளியூர்ப் பேருந்துக் கூட்டம் காலையிலேயே வந்து போயிருக்கும். செல்போனுக்கு அனுமதி கிடையாது, அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். காப்பகத்தில் கொடுத்தால் திரும்ப வாங்க வரிசை நிற்க வேண்டும். கையில் போன் இல்லாமல் இருவர் நடக்க இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை. வெளிப் பிரகாரத்தின் மொத்த நீளம் ஏறத்தாழ 3850 அடி, தூண்கள் 1212. சேதுபதி மன்னர்கள் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்தது. ஒரு மூலையில் நின்று நேராகப் பாருங்கள். தூண்கள் சிறுத்துக்கொண்டே போய் ஒரு புள்ளியில் முடியும். கல் தரை குளிர்ந்திருக்கும். முழுச் சுற்றும் மெதுவாக நடக்க அரை மணிக்கு மேல் ஆகும்.

இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் நாளின் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். காலை ஐந்து மணிக்கு உலர்ந்த துணியோடு ஸ்படிகலிங்க தரிசனம். அது ஐந்திலிருந்து ஆறு வரைதான், நாலரைக்கே வரிசையில் நிற்க வேண்டும். பிறகு கோயிலுக்குக் கிழக்கே அக்னி தீர்த்தமான கடலில் முழுக்கு. அப்படியே ஈரத்தோடு உள்ளே வந்து, சீட்டு வாங்கி, ஒவ்வொரு கிணறாக. வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள், கடைசியாகக் கோடி தீர்த்தம். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஈரத் துணியோடு சன்னிதிக்கு விட மாட்டார்கள், மாற்றுத் துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் கையோடு வைத்திருங்கள். ஜீன்ஸ் தண்ணீர் குடித்துக் கனக்கும், வெள்ளைத் துணி உடம்போடு ஒட்டும். அடர்த்தியான நிறத்தில் பருத்தித் துணிதான் இருவருக்கும் சௌகரியம். கிணறுகளுக்கிடையே தரை எப்போதும் ஈரம், அவசரப்பட்டு ஓடுபவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள். வயதான தம்பதி கையைக் கோத்துக்கொண்டு நடங்கள். கோயிலுக்குள் கூச்சம் எதுவும் வேண்டாம். இப்படிச் செய்தால் தனுஷ்கோடி இரண்டரை மணிக்குக் கிளம்பும் பயணமாக மாறும். உதயம் கிடைக்காது, பாலத்தின் அந்தியும் கைவிட்டுப் போகும். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

அந்தியில் பாம்பன்

ஐந்தேகால் மணிக்குப் பாம்பனில் இருக்க வேண்டும். சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது, போலீஸ் விரட்டும், பின்னால் வரும் பேருந்துக்கும் ஆபத்து. பாம்பன் முனையிலேயே வண்டியை விட்டுவிட்டு நடைபாதையில் நடந்து வாருங்கள். பாலம் 1988இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவரை போய்த் திரும்பினால் போதும்.

இங்கே கடலைக் கடந்த பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது. அதன் நடுப்பகுதி இரண்டு கையாகப் பிளந்து மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிட்டது. 1964 புயலில் சிதைந்ததை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சீர்செய்தார்கள். அருகிலேயே 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலம். இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத் துண்டு பிளக்காமல், கிடைமட்டமாக அப்படியே மேலே தூக்கப்படும். அது தூக்கப்படுவதைப் பார்க்கக் காத்திருக்காதீர்கள், கப்பல் வரும் நாளில்தான். ரயில் கடப்பதைப் பார்க்கலாம், சாயங்கால ரயில்களின் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள். கண்ணாடியும் போன் கேமராவும் உப்புக் காற்றில் மங்கியிருக்கும், உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். லேசாக நனைத்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள்.

கையில் கொண்டுபோக

காரில் தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் திரும்புபவர்கள் ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 17 கிலோமீட்டரில் கீழக்கரையில் நிறுத்துங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் ஆணமும் கிடைத்தால் விடாதீர்கள். குழம்பை இங்கே முஸ்லிம் வீடுகளில் ஆணம் என்பார்கள், தேங்காய்ப்பால் சேர்ந்து இடியாப்பத்துக்குள் இறங்கும்படி இருக்கும். தொதல் அரைக் கிலோ வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கிண்டுவது. நல்ல தொதலை அழுத்தினால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கும், மாவு ஒட்டாது. ஒட்டினால் கிண்டல் போதவில்லை, சீக்கிரம் பூசணம் பிடிக்கும். சூடாகக் கட்டித் தந்தால் ஊர் போய்ச் சேர்ந்ததும் பொட்டலத்தைத் திறந்து ஆறவிடுங்கள். உள்ளே வேர்த்த தண்ணீர்தான் அதைக் கெடுக்கும்.

முண்டு மிளகாயில் அரைக் கிலோ எடுத்துக் குலுக்கிப் பாருங்கள், விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். போடாவிட்டாலும் நிறம் நன்றாக இருந்தால் வாங்கலாம், வீட்டு மாடியில் இரண்டு வெயில் காட்டிவிட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். முதல் தடவை வழக்கமான அளவில் முக்கால் பங்கு மட்டும் போட்டுப் பாருங்கள்.